சூப்பர்சார்ஜர் பொருத்திய காரில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடம்

கேள்வி: என் பழைய 1.6 லிட்டர் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் கருவி) பொருத்தியிருக்கிறேன். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் அதற்கு முன்னால் இருக்கிறது; பிரேக் பூஸ்டருக்கான குழாய் மேனிஃபோல்டிலிருந்து (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் பகுதி) வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தி ஓட்டிவிட்டு உடனே பிரேக் மிதித்தால் பெடல் கல்லாக இறுகுகிறது. குழாயை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றலாம், ஆனால் அதற்கு முன் குழாயிலுள்ள ஒருவழி வால்வைச் சோதியுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி முதலில் அதைத்தான் சுட்டுகிறது.

பூஸ்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற வளையும் தடுப்பின் ஒரு புறம் வெற்றிடமும் மறுபுறம் வெளிக்காற்றும் இருப்பதால்தான் நம் காலுக்கு உதவி கிடைக்கிறது. 9 அங்குல பூஸ்டரில் 0.6 பார் வெற்றிடம் சுமார் 250 கிலோ எடைக்கு நிகரான விசையைத் தரும். சூப்பர்சார்ஜர் அழுத்தம் ஏற்றும்போது மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்காது. அப்போது வால்வு மூடிக்கொண்டு, இரண்டு மூன்று மிதிகளுக்குப் போதுமான வெற்றிடத்தைப் பூஸ்டருக்குள் காத்து வைக்க வேண்டும். சாதாரண எஞ்சினில் வெளியே தெரியாத சிறு கசிவுகூட இங்கே பூஸ்டருக்குள் அழுத்தக் காற்றைத் தள்ளிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மேனிஃபோல்டில் வெற்றிடம் திரும்பிவிடுகிறது என்றாலும், அந்தக் காற்று முழுவதும் ஒல்லியான குழாய் வழியாக வெளியேறச் சிறிது நேரம் பிடிக்கும். நீங்கள் பிரேக் மிதிப்பதோ அந்த இடைவெளியில்தான்.

எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துப் பெடலை மிதியுங்கள். முதல் இரண்டு மிதிகளும் மென்மையாக இருக்க வேண்டும். பிறகு வால்வைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து காற்றைச் செலுத்திப் பாருங்கள். வாயால் ஊதுவது போதாது, ஏனெனில் சூப்பர்சார்ஜர் தரும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு அதிகம். மீட்டர் உள்ள கைப்பம்பால் 0.5 பார் வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் புது வால்வு போடுவதுதான் வழி.

வால்வு நன்றாக இருந்தும் குறை நீடித்தால் இணைப்பை மாற்றுங்கள். உங்கள் அமைப்பில் த்ராட்டிலுக்கும் சூப்பர்சார்ஜருக்கும் இடைப்பட்ட பகுதியில் அழுத்தம் வெளிக்காற்றின் அளவைத் தாண்டுவதில்லை. த்ராட்டில் மூடியவுடன் அங்கே ஆழமான வெற்றிடம் உண்டாகிறது. அதனால் பூஸ்டர் குழாயை அங்கே இணைக்கலாம். அங்கிருந்து எடுத்தாலும் ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்குப் பின்னால் உள்ள கார்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் மேனிஃபோல்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

எஞ்சின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும் சாதாரண ரப்பர் குழாய் வேண்டாம். உள்ளே நூல் பின்னிய வேக்குவம் ஹோஸைப் போட்டு, இரு முனைகளிலும் கிளிப் இறுக்குங்கள். மேனிஃபோல்ட் பக்கம் கிளிப் இல்லாத குழாய் அழுத்தத்தில் கழன்றுவிடக்கூடும். பூஸ்ட் மீட்டர் (சூப்பர்சார்ஜர் அழுத்தத்தைக் காட்டுவது) முதலியவற்றுக்கு இந்தக் குழாயிலிருந்து கிளை பிரிக்கவே கூடாது.

ரேஸ் கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டின் பந்தய வகை) போட்டதால் ஐட்லிங்கிலேயே வெற்றிடம் குறைந்திருந்தால், இவை எவையும் போதாது. பெரும்பாலான டீசல் கார்களில் இருப்பதுபோலத் தனி வேக்குவம் பம்பு வைக்க வேண்டியதுதான். மின்சாரத்தில் இயங்குவதே உங்களுக்குப் பொருத்தம். குறை தீரும்வரை காரைச் சாலையில் எடுக்காதீர்கள். பூஸ்டர் இல்லாமலும் பிரேக் பிடிக்கும், ஆனால் அதற்குப் பல மடங்கு அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும்.