மிச்சச் சோற்றில் ஃப்ரைட் ரைஸ்: நியூகாசிலுக்கு வரும் தம்பிக்கு

செப்டம்பரில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு முதுகலை படிக்க வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, தினமும் சமைக்க நேரம் இருக்காது என்கிறார்கள். முந்தின நாள் மிஞ்சின சோறு, காய், முட்டையை வைத்து நம்ம ஊர் வண்டிக்கடை மாதிரி ஃப்ரைட் ரைஸ் செய்து ஓட்டிவிடலாமா? வாணலி, சாஸ், குக்கர் எல்லாம் எடுத்து வரணுமா? குளிர் எப்படி? பகுதி நேர வேலை கிடைக்குமா?"

தாராளமாக ஓட்டலாம் தம்பி. என் முதல் குளிர்காலம் ஓடியதே அதில்தான். ஆனால் செய்முறைக்கு முன்னால் சோற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். கோட்டு எங்கே வாங்குவது என்று ஆயிரம் பேர் சொல்வார்கள், இதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

ராத்திரி வைத்த சோற்றைக் குக்கரிலேயே மூடிப் போட்டுவிட்டு மறுநாள் மதியம் எடுத்துப் புரட்டுகிற பழக்கம் நம்மவர்களில் நிறைய பேருக்கு உண்டு. கேட்டால், "வெளியே அஞ்சு டிகிரி, இந்தக் குளிரில் எதுதான் கெடும்?" என்பார்கள். அஞ்சு டிகிரி தெருவில்தானே? ஹீட்டர் ஓடுகிற வீட்டுக்குள் சோறு ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சூடு தணிந்ததும் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு, மறுநாள் நீங்கள் எவ்வளவு தீ வைத்து வறுத்தாலும் போகாது. சோறு நாறவும் செய்யாது, பிசுபிசுக்கவும் வேண்டியதில்லை. 1970களில் இதே பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாக வாந்தி எடுத்தபோதுதான் இந்தச் சங்கதி வெளிச்சத்துக்கு வந்தது.

நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டிலும் இது நடந்தது. மேல் அறைப் பையன் மதியம் ஒரு தட்டு ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டான், இருட்டுவதற்குள் பாத்ரூமை விட்டு வெளியே வர முடியவில்லை. வீடே முட்டை மேல் பழி போட்டது. முட்டை பாவம், அன்று காலையில்தான் வாங்கியது. சோறுதான் முந்தின ராத்திரியிலிருந்து அடுப்பு மேல் கிடந்தது.

"நாமெல்லாம் பழைய சோறு தின்று வளர்ந்தவங்க" என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோறு வேறு, குக்கரில் வெறுமனே மூடிக் கிடந்த சோறு வேறு. அந்த வாதத்துக்குக் காது கொடுக்காதீர்கள்.

இங்கே அரசாங்கமே சொல்கிற முறை எளிது. சோறு வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஆவி பறக்கச் சூடாக்குங்கள், ஒரே ஒருமுறைதான். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கும் சேர்த்து வைப்பதானால், ஆறின சோற்றை ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள்.

அடுத்தது தீ அலாரம். மாணவர் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக்குள் வெப்பத்தை உணர்கிற கருவிதான் இருக்கும், புகையை உணர்கிறது வராந்தாவில். மிளகாயை எண்ணெயில் போட்டதும் நெடி தாங்காமல் நம்மாட்கள் வராந்தாக் கதவைத் திறப்பார்கள். மொத்த வீடும் அலற ஆரம்பிக்கும். கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள், அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சுகிற விசிறியைப் போடுங்கள். கருவி மேல் பிளாஸ்டிக் பையைக் கட்டுகிற புத்திசாலிகளும் உண்டு. அவர்களோடு சேராதீர்கள். மாட்டினால் அபராதம், தீப்பிடித்தால் அதைவிடப் பெரியது.

சரி, செய்முறை. வண்டிக்கடைத் தீ உங்கள் மின்சார அடுப்பில் வராது. அதனால் ஒரு தடவைக்கு ஒரு தட்டுச் சோறுதான். நாலு பேருக்கும் சேர்த்துப் போட்டால் வறுபடாமல் வெந்து குழையும். சில்லிட்ட சோறு இறுகிக் கிடக்கும், அதுதான் நமக்கு வசதி. கையை நனைத்துக்கொண்டு உதிர்த்துவிடுங்கள். முட்டையை முதலில் கிளறி எடுத்து வைத்துவிட்டு, அதே சட்டியில் பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், உறைந்த பட்டாணி. தண்ணீர் சுண்டின பிறகு சோறு. சோறு சட்டியில் பட்டுப் படபடவென்று துள்ள ஆரம்பித்ததும் சோயா சாஸை ஓரத்தில் சுற்றி விடுங்கள், நடுவில் கொட்டாதீர்கள். மிளகுத்தூள், வெங்காயத்தாள், முட்டை, முடிந்தது. மிஞ்சின கோழி இருந்தால் பிய்த்துப் போட்டு நன்றாகச் சூடேற விடுங்கள். தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியலை மட்டும் வேண்டாம். சிலர் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, சாம்பார் பொடியும் தூவிவிட்டு ஃப்ரைட் ரைஸ் என்பார்கள். சாப்பிடலாம், தப்பில்லை, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும்.

சோற்றை ஆற்றி வறுக்கிற வித்தையை நான் கற்றது ஒரு சீன டேக்அவே, அதாவது பார்சல் கடையின் பின்கட்டில், பாத்திரம் கழுவுகிற வேலையில் இருந்தபோது. சமையற்காரர் ஹாங்காங்கிலிருந்து வந்தவர், பேச்சு குறைவு. கடை திறக்குமுன் சோற்றைத் தட்டுத் தட்டாகப் பரப்பிக் குளிர வைத்துவிடுவார். எங்கள் ஊரில் ஃப்ரைட் ரைஸுக்குச் சிவப்பாக ஒரு சட்னி ஊற்றிக்கொள்வோம் என்று ஒருநாள் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் போடுவது முட்டை, உப்பு, வெள்ளை மிளகு, வெங்காயத்தாள், அவ்வளவுதான். சாஸ்கூடக் கிடையாது. முதல் வாரம் எனக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரிதான் இருந்தது. பிறகு வேறெதுவும் பிடிக்காமல் போனது. இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்கிறேன். இங்கே வந்து பத்து வருஷமாகியும் ஊர் மசாலா இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பெருமையாக இல்லை, அலுப்பாகத்தான் இருக்கிறது.

அப்புறம், வேலை. மாணவர் விசாவில், படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கையில் காசு தருகிறேன், கூட நாலு மணி நேரம் செய் என்று கேட்பவர் பாதி நேரம் நம்ம மொழி பேசுகிறவராகவே இருப்பார். விசா உங்களுடையது, அவருடையது இல்லை.

வாணலி வேண்டாம், அடி உருண்டிருந்தால் இந்த அடுப்பில் உட்காராது. தட்டையான சட்டி இங்கேயே வாங்குங்கள். காய்க்கு நகர நடுவில் கிரெய்ஞ்சர் மார்க்கெட், சாஸுக்குச் சீனக் கடைகள் இருக்கிற ஸ்டோவெல் தெரு. அரிசியைச் சுமக்காதீர்கள். சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைப்பார்கள், அதை வாங்க வெட்கப்படாதீர்கள். 'யூஸ் பை' தேதியை மட்டும் தாண்டவிடாதீர்கள், 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டினால் பெரிதாக ஒன்றுமில்லை.

பிரஷர் குக்கர் கட்டாயம் கொண்டுவாருங்கள், கூடவே ஒரு கேஸ்கெட்டும். விசில் வரும் என்று வீட்டில் இருக்கிறவர்களிடம் முன்னாடியே சொல்லிவையுங்கள். நாங்கள் சொல்லவில்லை. பக்கத்து அறை கிரேக்கப் பையன் முதல் விசிலுக்கே செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினான்.