பிணைக் கையெழுத்து வைக்க முதல் இதை வாசியுங்கோ, தம்பி

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து பதினான்கு மாதம், வேலை நிரந்தரமாகி, கடன் கட்டும் ஒழுங்கைக் காட்டும் கிரெடிட் ஸ்கோரும் 700ஐத் தாண்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கிரெடிட் காட் எந்த வங்கியில் எடுக்கலாம், கார் எடுக்கலாமா, நல்ல குளிருடுப்பு எங்கே மலிவு, கூட இருக்கிற சினேகிதனின் கார் லோனுக்குக் கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருடுப்பைக் கூட வேலை செய்பவர்களிடம் கேளுங்கோ. எந்த வங்கி என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசிக் கேள்வியை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் இங்கே எங்கட ஆட்கள் கடனில் விழுந்த வழிகளில் அதுதான் பெரிய வழி. அதனால் அதற்கே முதலில் பதில்: வைக்காதீர்கள்.

ஊரில் பிணை நிற்பதென்றால், கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் பிறகு பிணைகாரனைத் தேடி வருவார்கள் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். இங்கே கோ-சைன் பண்ணினால், அதாவது கூடக் கையெழுத்து வைத்தால், அந்தக் கடன் முதல் நாளிலிருந்தே உங்கட கடனும்தான். 32,000 டொலர் லோன் என்றால் 32,000 முழுவதும் உங்கட கிரெடிட் அறிக்கையிலும் ஏறும், பாதி அல்ல. சினேகிதன் ஒரு தவணையை 30 நாளுக்கு மேல் பிந்தினால் இரண்டு பேரின் அறிக்கையிலும் பிந்தியதாகவே விழும். கடன் கொடுத்தவர் முதலில் அவரைத் துரத்த வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, நிலையான சம்பளம் உள்ளவரிடம் நேரே வரலாம். அவர் திவால் எடுத்தாலும் அவருக்குத்தான் விடுதலை. மிச்சம் உங்கட தலையில். காரின் உரிமைப் பத்திரத்தில் உங்கட பெயர் இல்லாவிட்டால் காரைத் தொடவும் உங்களுக்கு உரிமை கிடையாது.

நாலு வருடம் கழித்து வீடு வாங்கப் போவீர்கள். காப்புறுதி செய்த மோட்கேஜுக்கு (வீட்டுக் கடனுக்கு) வீட்டுச் செலவு வருமானத்தில் 39 சதவீதத்துக்குள்ளும், எல்லாக் கடன் தவணைகளும் சேர்த்து 44 சதவீதத்துக்குள்ளும் நிற்கவேண்டும் என்பதே வழக்கமான அளவு. சினேகிதன் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும் அவருடைய கார்த் தவணை உங்கட 44க்குள்தான் வந்து உட்காரும். பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் எடுக்கமாட்டார்கள். அவர் தன் பெயரில் மட்டும் புது லோன் எடுத்துப் பழையதைக் கட்டி முடித்தால்தான் உண்டு.

ஏற்கெனவே கையெழுத்து வைத்தவர்கள் இதை வாசித்தால் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கோ. லோன் கொடுத்த இடத்துக்கு அழைத்து மாதக் கணக்கு உங்களுக்கும் வரச் செய்யுங்கோ. காரின் காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கோ. உரிமைப் பத்திரத்தில் உங்கட பெயரையும் சேர்க்கக் கேளுங்கோ. அவர் ஒரு மாதம் தடுமாறினால் அந்தத் தவணையை நீங்களே கட்டுங்கோ. 600 டொலர் போனால் போகட்டும், பிந்திய கணக்கு ஆறு வருடம் அறிக்கையில் கிடக்கும்.

இனி கார். டீலர் உங்களிடம் மொத்த விலையைச் சொல்லமாட்டார், இரண்டு கிழமைக்கு எவ்வளவு கட்டமுடியும் என்றுதான் கேட்பார். 32,000 டொலரை 12.99 சதவீத வட்டியில் 84 மாதத்துக்கு எடுத்தால் இரண்டு கிழமைக்கு ஏறக்குறைய 269 டொலர் வரும். கேட்கச் சின்னத் தொகை. மாதக் கணக்கில் 582, முடியும்போது கட்டியது 48,900 அளவில். இன்னும் கிட்டப் பாருங்கோ: மூன்று வருடத்தில் ஏறக்குறைய 21,000 டொலர் கட்டியிருப்பீர்கள், அப்போதும் நிலுவை 21,700. அந்த நேரம் கார் சந்தையில் 15,000க்குத்தான் போகுமென்றால் மிச்சம் 6,700 டொலரை டீலர் புதுக் காரின் லோனோடு சேர்த்து எழுதித் தருவார். "பழைய கடனை நாங்கள் கட்டுகிறோம்" என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். அந்தக் கடன் எங்கேயும் போவதில்லை, அடுத்த காருக்குள் ஏறுகிறது.

விற்பனைப் பத்திரத்தை வரிவரியாக வாசியுங்கோ. உங்கட மாகாணமான ஒன்ராறியோவில் டீலர் விளம்பரத்தில் போடும் விலைக்குள் எச்எஸ்டி என்ற விற்பனை வரியும் லைசன்ஸும் தவிர மற்றக் கட்டணம் எல்லாம் அடங்கியிருக்கவேண்டும். நிர்வாகக் கட்டணம், கண்ணாடியில் இலக்கம் பொறித்தது, துருத் தடுப்பு என்று பிறகு வரிகள் முளைத்தால் வெட்டச் சொல்லுங்கோ. நீட்டிய உத்தரவாதம் உங்கட விருப்பம், லோன் கிடைக்க அது தேவையில்லை. இங்கே டீலரிடம் வாங்கும் காருக்கு யோசித்துத் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசம் கிடையாது. கையெழுத்து வைத்துவிட்டால் வைத்ததுதான். தமிழ் ஆள் விற்கிறார், ஊர்க்காரர் என்று பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்து வைப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். ஊர்க்காரருக்கும் கொமிஷன் உண்டு.

கிரெடிட் காட்டில் எங்கட ஆட்களுக்குப் பிழை வருவது திகதியில். இரண்டு திகதி இருக்கிறது. ஒன்று கணக்கு மூடும் நாள், மற்றது கட்டவேண்டிய கடைசி நாள், இடையில் குறைந்தது 21 நாள். முழு நிலுவையையும் கடைசி நாளுக்குள் கட்டினால் வாங்கிய சாமானுக்கு வட்டி இல்லை. 1,000 டொலரில் 950 கட்டினால் மிச்சம் 50க்குத்தான் வட்டி என்று நினைக்காதீர்கள். சாமான் வாங்கிய நாளிலிருந்து, காசு போய்ச் சேர்ந்த நாள்வரை ஓடிய முழுத் தொகைக்கும் வட்டி கணக்கிடுவார்கள். இன்னொரு வங்கியிலிருந்து கட்டினால் போய்ச்சேர இரண்டு மூன்று வேலை நாள் எடுக்கும், வெள்ளி இரவு அழுத்தினால் செவ்வாய்க்குத்தான் சேரும். அதனால் கடைசி நாளுக்கு ஐந்து நாள் முந்தியே கட்டிவிடுங்கோ. கட்டவேண்டிய குறைந்த தொகையைத் தானாகக் கழியவும் ஒழுங்கு செய்து வையுங்கோ, மறந்த மாதத்தில் அது காப்பாற்றும்.

ஆனால் குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது கடனைக் கட்டுவது ஆகாது. உங்கட கையில் இருக்கும் மாதக் கணக்கைப் பாருங்கோ. "குறைந்த தொகையை மட்டும் கட்டினால் இத்தனை வருடம், இத்தனை மாதம் செல்லும்" என்று ஒரு வரி இருக்கும். சட்டப்படி போடவேண்டிய வரி அது. பல காட்டுகளில் குறைந்த தொகை என்பது அந்த மாத வட்டியும் 10 டொலரும்தான். 3,000 டொலர் கடன், 19.99 சதவீதம் என்றால் மாத வட்டி 50 டொலர். 60 கட்டினால் கடன் குறைவது 10. அந்த வேகத்தில் 3,000 முடிய 300 மாதம், அதாவது 25 வருடம். மாதம் 150 என்று பிடிவாதமாகக் கட்டினால் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும்.

ஸ்கோருக்கு வேண்டியது கணக்கு மூடும் நாளில் காட்டில் எவ்வளவு நிற்கிறது என்பது. 1,000 டொலர் எல்லையுள்ள காட்டில் 900 நின்றால், அடுத்த கிழமை முழுதாகக் கட்டினாலும் 90 சதவீதம் பாவித்தவராகத்தான் தெரிவீர்கள். கணக்கு மூட இரண்டு மூன்று நாளுக்கு முன்பே கட்டி 300க்குக் கீழே கொண்டுவாருங்கோ. இரண்டாவது காட் தேவையென்றால் எடுங்கோ, ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஸ்கோர் விழுந்து ஒருவரும் தராதவர்களுக்கு வைப்புப் பணம் கட்டி எடுக்கும் காட் உண்டு. 500 வைப்பு, 500 எல்லை. அதில் ரெலிபோன் பில் ஒன்றை மட்டும் போட்டு மாதாமாதம் முழுதாகக் கட்டுவதுதான் திரும்ப எழும்ப நல்ல வழி.

காட்டில் காசாக எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கு 21 நாள் சலுகை கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, பெரும்பாலும் 22 சதவீதத்துக்கு மேல், கட்டணம் வேறு. தங்கச்சியின் கலியாணத்துக்கு ஊருக்கு அனுப்பவும் சீட்டுக் கட்டவும் இப்படி எடுத்துத்தான் எத்தனையோ குடும்பம் தாழ்ந்தது. சீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாதம் 500, இருபது பேர், கழிவு போக முதல் மாதமே 8,000 எடுத்தவர் மிச்சப் பத்தொன்பது மாதமும் 500 கட்டவேண்டும். அது கடன்தான், வட்டியைக் கழிவு என்கிறோம். ஒழுங்காகக் கட்டினாலும் உங்கட ஸ்கோரில் ஒரு புள்ளி ஏறாது. பிடிப்பவர் தலைமறைவானால் காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டும் இருக்காது.

சம்பள நாளுக்கு முந்திக் கடன் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். 2025 ஜனவரி முதல் அவர்கள் 100 டொலர் கடனுக்கு 14 டொலருக்கு மேல் கட்டணம் அறவிட முடியாது. 500 எடுத்தால் இரண்டு கிழமையில் 570 கணக்கிலிருந்து போகும். வருடக் கணக்கில் அது 365 சதவீதம். 570 போனதும் வாடகைக்குக் காணாது, திரும்ப 500 எடுப்பார்கள். கடையே அந்தச் சுழலில்தான் நடக்கிறது. தவறி எடுத்தவர்கள் ஒன்ராறியோவில் இரண்டு வேலை நாளுக்குள் காசைத் திருப்பிக் கொடுத்து எந்தக் கட்டணமும் இல்லாமல் ரத்துச் செய்யலாம்.

ஏற்கெனவே கடன் முற்றியவர்களுக்கு: வானொலியில் "உங்கட கடனை 80 சதவீதம் குறைத்துத் தருகிறோம்" என்று வரும் ஆலோசகர்களிடம் 1,500, 2,000 கொடுக்காதீர்கள். கன்சியூமர் புரோபோசல் போட உரிமம் பெற்ற திவால் அறங்காவலரால் மட்டும்தான் முடியும். அவர்களோடு முதல் சந்திப்பு பெரும்பாலும் இலவசம், அவர்களுடைய கட்டணமும் நீங்கள் கட்டும் தவணைக்குள்ளேயே அடங்கும். வீட்டு மோட்கேஜ் தவிர 250,000 டொலர்வரை உள்ள கடனுக்கு ஐந்து வருடத்துக்குள் ஒரு பகுதியைக் கட்டுவதாக எழுதிக் கொடுப்பதுதான் கன்சியூமர் புரோபோசல். போட்டவுடன் வட்டியும் வசூல்காரரின் தொல்லையும் நிற்கும். மூன்று தவணை தவறினால் உடைந்துவிடும், பழைய கடன் உயிர்த்துவிடும். அது இல்லாமல் திவாலே எடுத்தால், முதல் தடவையென்றால் வருமானம் குறைந்தவருக்கு ஒன்பது மாதத்தில் விடுதலை, கூடியவருக்கு 21 மாதத்தில்.

ஒன்ராறியோவில் வசூல்காரர் ஒரு கிழமையில் மூன்று தரத்துக்கு மேல் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, ஞாயிற்றுக்கிழமையென்றால் பிற்பகல் ஒன்றிலிருந்து ஐந்துவரை மட்டும்தான் எடுக்கலாம். சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். அந்த இரண்டு வருடம் முடிய முதல் 20 டொலர் கட்டினாலோ, கடன் என்னுடையது என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ரெலிபோனில் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். என்ன கடன், யாரிடம் எடுத்தது என்பதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கோ.

தொண்ணூறுகளில் வந்த சனம் ஏஜென்சிக் காசு, அதாவது கூட்டிவந்த ஏஜென்டுக்குக் கொடுத்த காசு, என்ற பெருங்கடனோடுதான் இறங்கியது. ஊரில் வட்டிக்கு வாங்கிய காசு, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. பகலில் தொழிற்சாலை, இரவில் கோப்பை கழுவல், ஒரு அறையில் ஆறு பேர். ஆனாலும் அந்தக் கடனைக் கட்டாமல் விட்டவர்கள் குறைவு. வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்பட்ட சனம், அதில் எனக்குப் பெருமைதான். அந்தச் சனம்தான் பிறகு "அவன் எங்கட பெடியன்" என்று கண்ணை மூடிக்கொண்டு மற்றவரின் லோனுக்குக் கையெழுத்து வைத்தது. ஊரில் சொல்லுக்கு இருந்த பெறுமதி இங்கே பெயருக்கும் இலக்கத்துக்கும்தான் என்பது விளங்க வருடங்கள் எடுத்தன.

அந்தப் பெயரையும் இலக்கத்தையும் பற்றி ஒன்று. எங்கட பெயர்களில் தகப்பன் பெயர் முன்னுக்கும் பின்னுக்கும் மாறும், நீளப் பெயர் பாதியில் வெட்டுப்படும். அதனால் ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புத் திறந்துவிடும், அல்லது அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கட கோப்பில் ஏறும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கோ. நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்கவில்லையென்றால் உங்கட சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் இலக்கம்) இப்போது 9இல் தொடங்கும். அது கிடைத்ததும் புது நம்பர் எடுக்கவேண்டும், அதை எல்லா வங்கிக்கும் அறிவியுங்கோ. கிரெடிட் அறிக்கை வைத்திருக்கும் எக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனத்திலும் சொந்த அறிக்கையை இலவசமாக எடுக்கலாம், பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அறை மாறும்போது பழைய விலாசத்துக்குப் போன 80 டொலர் இன்டர்நெட் பில்கூட வசூலுக்குப் போய் அதில் நிற்கும். அதனால் பேஸ்மென்ட் மாறும் ஒவ்வொரு முறையும் பாருங்கோ.

சினேகிதனிடம் என்ன சொல்வது என்று இனி யோசிப்பீர்கள். "வீடு எடுக்க யோசிக்கிறேன், வேறு கடனில் பெயர் இருக்கக்கூடாது" என்று சொல்லுங்கோ, அது உண்மையும்கூட. உதவ மனமிருந்தால் அவர் பழைய கார் ஒன்று காசுக்கு எடுக்கட்டும், உங்களால் இயன்றதைத் திரும்பி வராது என்று நினைத்துக் கையில் கொடுங்கோ. வாங்க முதல் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மெக்கானிக்கிடம் காரைத் தூக்கி அடியைப் பார்ப்பியுங்கோ. இங்கே ரோட்டில் போடும் உப்பு அடித்தகட்டைத்தான் முதலில் தின்னும்.