ஆறு சார்ட்டும் ஒரு வெள்ளைப் பசுவும்

அன்புள்ள ஐயா,

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். ஏழேழு பேராக ஆறு குழு பிரித்து, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் வாழ்வும் படைப்பும் குறித்துச் செயல்திட்டம் செய்துவரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து ஆறு சார்ட் வந்தது. ஆறிலும் நடுவில் அதே படம், ஓரமெல்லாம் ஜிகினா, பிறப்பு, பெற்றோர், பட்டம், நூல்கள், மறைவு. எல்லாம் ஒரே நெட் சென்டரில் எடுத்த பிரிண்ட். குழுவுக்கு ஒரு பெண், கையெழுத்து அழகாக இருப்பவள், உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். மற்றவர்கள் பசை தடவியிருக்கிறார்கள். ஒரு பையனை எழுப்பி, கவிமணி பாட்டு ஒன்று சொல் என்றேன். "தோட்டத்தில் மேயுது வெள்ளைப் பசு" என்றான். வகுப்பே சிரித்தது. திரும்பவும் செய்யச் சொல்லலாம் என்று இருக்கிறேன். எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியைக்கு,

சிரித்தவர்களை விடுங்கள். 42 பேரில் கவிமணியைப் படித்தவன் அந்தப் பையன் ஒருவன்தான். அவனிடமிருந்தே தொடங்குங்கள்.

அந்தப் பாட்டில் "அம்மா என்குது வெள்ளைப் பசு" என்று ஒரு வரி வருகிறது. "அம்மா" என்று கூப்பிடுவது கன்று அல்ல, தாய்ப் பசு. கூப்பிட்டதும் கன்று பக்கத்தில் ஓடி வருகிறது. பெற்ற பிள்ளையை "வாம்மா" என்று கூப்பிடுகிற வீடுகளில் வளர்ந்த நாம் இதைக் கவனிக்காமலே பாடிக் கடந்துவிட்டோம். நானும் நாற்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். மாடு இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நாலு பேராவது இருப்பார்கள். ஒரு மாலை தொழுவத்தில் நின்று, பாட்டில் உள்ள ஒவ்வொரு செயலையும் பசுவும் கன்றும் செய்கின்றனவா, எந்த வரிசையில் செய்கின்றன என்று எழுதி வரட்டும். அது ஒரு குழு.

இன்னொரு குழுவுக்கு ஒரே ஒரு செய்யுள் போதும். உமர் கய்யாமை ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம் வழியாகக் கவிமணி தமிழாக்கியது:

வெய்யிற் கேற்ற நிழலுண்டு
வீசும் தென்றல் காற்றுண்டு
கையில் கம்பன் கவியுண்டு
கலசம் நிறைய மதுவுண்டு

ஆங்கிலத்தில் ஒரு கவிதை நூல், ஒரு கூஜா மது, ஒரு ரொட்டி என்று இருக்கிறது. ஆங்கில ஆசிரியரிடம் அந்தச் செய்யுளை வாங்கிக் கொடுத்து, எது காணாமல் போயிற்று, எது புதிதாக வந்தது என்று பிள்ளைகளைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். ரொட்டி போய்விட்டது. அங்கே இல்லாத தென்றல் வந்து வீசுகிறது. பெயரில்லாத கவிதை நூல் கம்பனாகிவிட்டது. பாரசீகக் கவிஞன் கையில் கம்பராமாயணத்தைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இது மொழிபெயர்ப்பா, இல்லையா என்று பிள்ளைகள் கட்சி கட்டிச் சண்டை போடட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். (என் தீர்ப்பு: ரொட்டியை எடுத்தது சரி. அந்த இடத்தில் இட்லியை வைத்திருந்தால்தான் கோபித்திருப்பேன்.)

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்மையில் கொடுக்க வேண்டியது 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. சார்ட்டில் நூல் பட்டியலில் ஒரு வரியாக அது கிடக்கும். என்னவென்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பன் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும் என்ற மருமக்கள்வழி முறை கவிமணி பிறந்த நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே இருந்தது. ஐந்து கல்யாணம் செய்துகொண்ட காரணவர் (குடும்பத் தலைவர்) ஒருவரின் ஐந்தாவது மனைவி, தான் பட்ட பாட்டைச் சொல்லிப் புலம்புவதாக நூல் முழுக்க. அழ வேண்டிய இடத்திலெல்லாம் சிரிப்பு வருகிறது. காவியம் போலப் படலம் பிரித்து, மாமியாரின் ஆட்சிக்கு 'மாமி அரசியற் படலம்' என்றும், வழக்காடியே குடும்பம் அழிந்ததற்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்றும் பெயர் வைத்திருக்கிறார். கோடு என்றால் கோர்ட்டு. 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் வந்து அந்த முறை முடிவுக்கு வந்தது. பாட்டுதான் சட்டம் கொண்டுவந்தது என்று மேடையில் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்தச் சமூகத்துக்குள்ளேயே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. கவிமணி அதற்குச் சிரிப்பைக் கொடுத்தார். விழுப்புரத்துப் பிள்ளைகளுக்கு வட்டார வழக்கு கடிக்கும். இரண்டு படலம் போதும். நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

கல்வெட்டில் ஆசையுள்ள பிள்ளை இருந்தால், ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி) வரும் "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்ற தொடரைக் கொடுங்கள். கலம் என்றால் கப்பலா, உண்கலமா? அறிஞர்கள் மோதிய இடம் அது. பசுவும் கன்றும் பாடியவர் அந்த மோதலிலும் இருந்தார்.

பிறப்பு, இறப்பு, பட்டம் எதுவும் எந்தக் குழுவுக்கும் வேண்டாம். 1876, தேரூர்; 1954, மறைவு. கரும்பலகை மூலையில் நீங்களே எழுதிவிடுங்கள்.

ஏழு பேர் குழு என்பது ஒருவர் வேலை செய்ய ஆறு பேர் வேடிக்கை பார்க்கும் ஏற்பாடு. பள்ளியில் நானும் அந்த ஆறில் ஒருவன். உயரமாக இருந்ததால் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு. மூன்று, நான்கு பேர் போதும். ஒரே செய்யுளை இரண்டு குழு எடுத்தாலும் தவறில்லை, விடை வேறாகத்தான் வரும். எழுதியவள் பேச வேண்டாம். எழுதாதவன் எழுந்து சொல்லட்டும். மதிப்பெண் அதற்கு.

பழைய சார்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். ஐந்து மனைவி, அவர்கள் பிள்ளைகள், சகோதரி, அவள் மகன் என்று அந்தக் காரணவரின் குடும்ப மரத்தை வரையத் தொடங்கினால் ஆறும் தேவைப்படும்.