ஒரு தள்ளு, ஒரு கேசட்

லேப் பக்கம்: வாசகர் கேள்விகள்
பதில் தருபவர்: நோய்க்குறியியல் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர்

உடம்பிலிருந்து எடுத்த சதைத் துண்டை வைத்து மூடுகிற சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்கு லேபில் கேசட் என்று பேர். போன மாதம் அதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிரப்பிவிட்டன. சர்க்கரை, கொழுப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

*நான் லேப் டெக்னாலஜி டிப்ளமோ இரண்டாம் வருடம். பயிற்சிக்குப் போகும் இடத்தில் கேசட்டில் நம்பர் அச்சடிக்கும் மெஷின் இருக்கிறது. மேலே அடுக்கை மாட்டிவிட்டால் அடியிலிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால், “அதைத் திறக்காதே” என்கிறார்கள். நீங்களாவது சொல்வீர்களா?*
— மாணவர், திண்டுக்கல்

திறக்காதே என்றது சரிதான் தம்பி. ஆனால் கேட்காதே என்று சொல்லியிருக்கக் கூடாது. மெஷினைத் திறக்காமலே வீட்டில் செய்து பார்க்கலாம். பத்துத் தீப்பெட்டியைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடுக்கைச் சுற்றி நாலு பக்கமும் அட்டையால் சுவர் வையுங்கள். முன்சுவரின் அடியில் மட்டும் ஒன்றரைப் பெட்டி உயரத்துக்கு வாசல் விடுங்கள். பின்சுவரின் அடியில் ஒரு மர ஸ்கேல் நுழைகிற அளவுக்குப் பிளவு போதும். அந்தப் பிளவு வழியாக ஸ்கேலை விட்டு அடிப்பெட்டியைத் தள்ளுங்கள். அது வாசல் வழியாக வெளியே போகும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டாவது பெட்டியும் உராய்வில் கூடவே கிளம்பும், ஆனால் முன்சுவரில் முட்டி நின்றுவிடும். ஸ்கேலைப் பின்னால் உருவினால் அது தரைக்கு இறங்கும். அடுத்த தள்ளுக்கு ஆள் தயார்.

பிரித்துக் கொடுப்பது ஸ்கேல் இல்லை, வாசல் என்பதைக் கவனித்தீர்களா? வாசல் ஒரு பெட்டியை விட உயரமாக இருக்க வேண்டும், இரண்டு பெட்டியை விடக் குட்டையாக இருக்க வேண்டும். தள்ளுகிற பட்டை ஒரு பெட்டியின் கனத்தை விட மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவதையும் சேர்த்து இடித்துவிடும். பெரும்பாலான கேசட் மெஷின்களின் அடி ரகசியம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மோட்டார், சென்சார், விலை.

இன்னொரு வகையில் விரல்கள் இருக்கும். கீழ்ஜோடி விரல் அடுக்கைத் தாங்கி நிற்கும். மேல்ஜோடி இரண்டாவது கேசட்டை இரண்டு பக்கமும் கவ்வியதும், கீழ்ஜோடி விலகி அடியில் இருப்பதை மட்டும் விழவிடும். பிறகு கீழ்ஜோடி மூடிக்கொள்ளும், மேல்ஜோடி பிடியை விடும், அடுக்கு ஒரு படி இறங்கும். இதில் இழுபறி உராய்வு கிடையாது. ஆனால் இரண்டு ஜோடியும் முறை தவறாமல் அசைய வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டும் திறந்துவிட்டால் அடுக்கு மொத்தமும் தரையில்.

தீப்பெட்டி சமர்த்து, கேசட் அப்படி இல்லை. நீளம் சுமார் 4 செ.மீ., அகலம் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. திரவம் உள்ளே போய்வர வேண்டும் என்பதால் உடம்பெல்லாம் பிளவுகள், ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பிளவில் மாட்டிக்கொள்ளும். நம்பர் எழுதும் முன்முகம் பெரும்பாலும் 45 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வைப் பிடித்துத் தள்ளினால் பட்டை ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து கேசட்டைத் தூக்கும். அதனால் எப்போதும் கேசட்டின் நேராக நிற்கும் பின்முகத்தில்தான் தள்ள வேண்டும். அடுக்கைத் திருப்பி மாட்டாதீர்கள் என்று மெஷின் மேல் படம் போட்டிருப்பார்களே, அது இதற்காகத்தான்.

*என் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று பயாப்சி எடுத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய துண்டுகள் அந்த லேபுக்குப் போகும். மாறிப்போகாது என்று எப்படி நம்புவது? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.*
— வாசகி, காரைக்குடி

உங்கள் கேள்வியும் மேலே அந்தத் தம்பி கேட்டதும் ஒன்றுதான் அம்மா. கேசட்டை ஒவ்வொன்றாகக் கொடுக்க ஒரு மெஷின் எதற்கு, கையால் எடுத்தால் ஆகாதா என்று பலர் நினைப்பார்கள். வேகத்துக்காக என்று விற்பவர்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம்பட்சம். உங்கள் அம்மாவின் சதைத் துண்டு வந்த பாட்டில் திறந்திருக்கும்போது மேஜையில் உங்கள் அம்மாவின் நம்பர் போட்ட கேசட் மட்டும்தான் இருக்க வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொன்றாக.

பழைய முறை எப்படி என்றால், காலையிலேயே உட்கார்ந்து அன்றைய கேஸ்களுக்கெல்லாம் கேசட்டில் பென்சிலால் நம்பர் எழுதி வரிசையாகப் பரப்பி வைப்போம். பேனா கூடாது, சாதாரண மை ஆல்கஹாலிலும் சைலீன் என்கிற கரைப்பானிலும் கரைந்து ஓடிவிடும். ஒரு கேஸுக்கு ஐந்து கேசட் எழுதி வைத்திருப்போம், டாக்டர் வெட்டிப் பார்த்துவிட்டு மூன்று போதும் என்பார். மிச்சம் இரண்டு நம்பரோடு, உள்ளே ஒன்றும் இல்லாமல் மேஜையில் கிடக்கும். பக்கத்து கேஸின் துண்டு அதற்குள் போய் உட்கார ஒரு நொடி அசதி போதும். இப்போது நல்ல லேப்களில் பாட்டிலின் பார்கோடைக் காட்டினால்தான் மெஷின் ஒரு கேசட்டை இறக்கி, அந்த நம்பரை அச்சடித்துக் கொடுக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு முறை கேட்க வேண்டும். கேட்பார் இல்லாத நம்பர் மேஜையில் கிடக்காது.

அந்த நம்பர் சாமான்யப்பட்டது இல்லை. துண்டு பார்மலின் என்கிற பதப்படுத்தும் திரவத்தில் பதப்பட்டு, இரவு முழுக்க வேறொரு மெஷினில் ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று வரிசையாக முங்கி எழும். ஒரே கூடையில் 300 கேசட் வரை ஏற்றுகிற மெஷின்கள் உண்டு. அத்தனை பேருடையதும் ஒரே குளத்தில்தான் குளிக்கும். ஆனால் அவரவர் கூட்டுக்குள், மூடி போட்டு. காலையில் மூடியை ஒடித்து எறிந்துவிட்டு, மெழுகில் துண்டைப் பதித்து, கேசட்டின் அடிப்பாகத்தையே முதுகாக வைத்து பிளாக் வார்ப்பார்கள். நம்பர் அந்த முதுகிலேயே தங்கிவிடும். அதை மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியில் மாட்டி 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் சீவி ஸ்லைடாக்குவார்கள்.

தவறே நடக்காது என்று நான் எழுதிக் கொடுத்தால் நீங்களே நம்ப மாட்டீர்கள். கத்தியிலோ இடுக்கியிலோ ஒட்டிய ஒரு துணுக்கு அடுத்தவர் ஸ்லைடில் மிதப்பது எந்த ஊர் லேபிலும் நடக்கக்கூடியதுதான். அனுபவமுள்ள டாக்டர் பெரும்பாலும் அதைப் பார்த்ததுமே, இது இந்த இடத்துச் சதை இல்லையே என்று பிடித்துவிடுவார். உங்கள் கையில் இருக்கிற வேலை ஒன்று உண்டு. இனி எப்போது பயாப்சி எடுத்தாலும் பாட்டில் மேல் பெயர், வயது, எந்தப் பக்கத்து மார்பு என்பது எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். மூடியில் எழுதுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள், மூடி மாறும். பாட்டில் உடம்பில் எழுதச் சொல்லுங்கள். நர்ஸ் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வேறு டாக்டரிடம் காட்டலாம். வெளியூர்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். ஒன்று மட்டும் கவனம்: வெயிலில் நிறுத்திய காரில் பிளாக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த மெழுகு 56 முதல் 60 டிகிரிக்குள் உருகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரின் டாஷ்போர்டுக்கு அது பெரிய தூரம் இல்லை.

*லேத், அக்ரிலிக் வேலை செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்து லேப்காரர் வந்து, “அச்சடிக்கிற மெஷின் எனக்குக் கட்டாது, கையால் தள்ளினால் ஒரு கேசட் விழுகிற மாதிரி ஒரு பெட்டி செய்து கொடு” என்கிறார். எதில் கவனம் வைக்க வேண்டும்?*
— வாசகர், கோயம்புத்தூர்

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் எனக்கு இளமை திரும்பிவிடுகிறது. செய்யுங்கள். ஆனால் லேப்காரர் கையிலிருந்து ஐம்பது கேசட் வாங்காமல் படம் போட ஆரம்பிக்காதீர்கள். அதுவும் ஒரே டப்பாவிலிருந்து வேண்டாம், வேறுவேறு டப்பாவிலிருந்து. ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். மலிவுச் சரக்கில் சில லேசாகக் கோணியிருக்கும். வாசல் உயரத்தைச் சராசரிக் கனத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. உள்ளதிலேயே தடித்தது நுழைய வேண்டும், உள்ளதிலேயே மெல்லியது இரண்டு சேர்ந்தால் நுழையக் கூடாது. கேசட் 6 மி.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் வாசல் 8, 9 மி.மீ., தள்ளு பட்டை 4 மி.மீ. அளவில் தொடங்கிப் பார்க்கலாம். முன்சுவரின் கீழ்த் துண்டைத் தனியாக, நீள்துளையும் திருகும் வைத்து ஏற்றி இறக்குகிற மாதிரிச் செய்யுங்கள். லேப்காரர் அடுத்த வருஷம் வேறு கம்பெனிச் சரக்கு வாங்குவார், அப்போது உங்களைத் தேடி வராமல் அவரே சரிசெய்துகொள்வார். மூடி ஒட்டியே வரும் கேசட்டில் கீல் பக்கம் தடிப்பாக இருக்கும், அளக்கும்போது அங்கேயும் அளவு எடுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் கோட்டைவிடுவது தள்ளு பட்டையின் நீளத்தில். பட்டை முழுவதும் முன்னால் போன நிலையில், மேலே இருக்கும் அடுக்கு அந்தப் பட்டையின் முதுகில் படுத்திருக்க வேண்டும். பட்டை கேசட்டை விடக் குட்டையாக இருந்தால், பட்டைக்குப் பின்னால் கிடைக்கிற இடைவெளியில் அடுத்த கேசட் வாலை இறக்கிவிடும். பிறகு பட்டை திரும்பி வர முடியாது, இழுத்தால் ஏதாவது உடையும். கேசட் 4 செ.மீ. என்றால் பட்டை 6 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். திரும்பி வர ஒரு மெல்லிய ஸ்பிரிங் போதும். முன்பக்கமும் பின்பக்கமும் நிறுத்தக் கட்டை அவசியம், அரைத் தள்ளில் விட்டால் கேசட் வாசலில் பாதி தொங்கும்.

அடுக்கு நிற்கும் கூண்டில் கேசட்டுக்குச் சுற்றிலும் அரை மில்லி இடம் விடுங்கள். அதற்குமேல் விட்டால் உள்ளேயே சாய்ந்து குறுக்கே மாட்டும். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை விரல் போகிற அளவுக்குத் திறப்பு விடுங்கள். எத்தனை மிச்சம் என்று தெரியும், சிக்கினால் விரலால் தட்டிவிடலாம். கூண்டை ஆள் உயரத்துக்குக் கட்டிவிடாதீர்கள். அடுக்கு உயர உயர அடிக் கேசட்டின் மேல் பாரம் கூடும், தள்ளக் கூடுதல் பலம் வேண்டும், அந்தப் பலத்தில் கேசட் நசுங்கும். முப்பது, நாற்பது போதும்.

அப்புறம், இந்தப் பெட்டி நம்பர் போடாது. கேசட் விழுந்ததும் அங்கேயே எழுதுகிற பழக்கம் இல்லாத லேபுக்கு இதனால் பாதிப் பலன்தான். அதை லேப்காரரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

*எங்கள் லேப் மெஷினில் அடிக்கடி இரண்டு கேசட் ஒட்டி விழுகிறது, இல்லாவிட்டால் சிக்கி நிற்கிறது. சர்வீஸ்காரர் வந்து உள்ளே இருக்கும் அசெம்ப்ளியையே மாற்ற வேண்டும் என்கிறார். நாலு சொட்டு எண்ணெய் விட்டால் ஆகாதா?*
— லேப் பொறுப்பாளர், நாகர்கோவில்

எண்ணெயை எடுத்து அலமாரியில் வையுங்கள். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், கேசட் முகத்தில் பட்டால் அச்சு நிற்காது. காசைச் செலவழிக்கும் முன் கரண்டை நிறுத்திவிட்டு, கையேடு அனுமதிக்கிற பாகங்களை மட்டும் கழற்றி, கேசட் ஓடும் தடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு இருந்தால் அதுதான் வில்லன். நாம் பயன்படுத்தும் பார்மலினில் பாஸ்பேட் உப்புகள் கலந்திருக்கின்றன. துண்டு வெட்டும் மேஜைக்குப் பக்கத்திலேயே மெஷினும் இருந்தால், நனைந்த கையுறையோடு அடுக்கை மாட்டும்போது சொட்டு விழும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அது தண்ணீரில்தான் கரையும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். அடுத்து, சமீபத்தில் கேசட் கம்பெனி மாறியதா என்று ஸ்டோரில் விசாரியுங்கள். அரை மில்லி வித்தியாசம் போதும்.

ஒட்டி விழுந்த இரண்டாவது கேசட்டில் நம்பர் இருக்காது. சரி, பென்சிலால் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது எடுத்து வைத்தால் விடாதீர்கள். அதை மறுபடி அடுக்கில் போடுங்கள், இல்லை குப்பையில் போடுங்கள்.

*கேசட்டில் மஞ்சள், பச்சை, ரோஸ் என்று வருகிறதே, எந்த நிறம் எந்த நோய்க்கு?*
— மாணவி, தஞ்சாவூர்

நோய்க்கு இல்லை. எல்லா லேபுக்கும் பொதுவான விதியும் கிடையாது. ஒரு லேபில் அவசரக் கேஸுக்கு ரோஸ், இன்னொன்றில் அதே ரோஸ் சின்ன பயாப்சிக்கு. சேர்ந்த முதல் நாளே சுவரில் ஒட்டிய பட்டியலைப் பாருங்கள். பட்டியல் இல்லாத லேப் என்றால் நீங்களே ஒன்று எழுதி, பெரியவர்களிடம் காட்டி ஒட்டுங்கள்.

*பயன்படுத்திய கேசட்டைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா? பிளாஸ்டிக் வீணாகிறதே.*
— வாசகர், வேலூர்

கூடாது. முதலில், மூடி போய்விட்டது. அடிப்பாகம் பிளாக்கின் முதுகாகிவிட்டது. அமெரிக்க நோய்க்குறியியல் டாக்டர்கள் சங்கத்தின் (CAP) விதிப்படி பிளாக்கை 10 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதுவரை அந்தக் கேசட் யாருக்கோ சாட்சி. பிளாஸ்டிக் மேல் அக்கறை இருந்தால், துண்டு வெட்டும் முன்பே ஐந்து ஐந்தாக நம்பர் எழுதித் தூக்கிப் போடுகிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.