தொளதொள ஜாக்கெட்டும் பனானா படகும்

கேள்வி: ஏற்காடு ஏரியில் படகில் போனபோது என் 8 வயது மகனுக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட் தோளில் நிற்காமல் தொளதொளவென்று இருந்தது. எடை 22 கிலோ, நீச்சல் தெரியாது. பரீட்சை முடிந்து கோவா போகிறோம். பனானா படகில் (மோட்டார் படகு கயிறு கட்டி இழுக்கும் காற்றடைத்த நீள மிதவை) ஏற்றலாமா? - வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அந்த ஜாக்கெட்டோடு பெடல் படகில்கூட ஏற்றியிருக்கக் கூடாதம்மா. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், பையன் அதிலிருந்து கீழே நழுவிவிடுவான். எல்லா பக்கிளையும் மாட்டிப் பட்டைகளை இறுக்கிய பிறகு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது அவன் அளவு இல்லை. உள்பக்கத் துணியில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும், 22 கிலோ அதற்குள் வர வேண்டும். மிதப்புத் திறனைச் சொல்லும் எண்ணும் பாருங்கள்: '50' வகை நீச்சல் தெரிந்தவர்களுக்கு. இவனுக்கு '100' வகை, கழுத்துக்குப் பின்னால் காலரும் கவட்டில் மாட்டும் பட்டையும் உள்ளதாக. பூலாம்பட்டியில் நெரிஞ்சிப்பேட்டைக்குக் கடக்கும் படகானாலும் இதே சோதனைதான். "எல்லாரும் இதைத்தான் போட்டுட்டுப் போறாங்க" என்பார்கள். ஆளுக்கொன்று மாட்டியாயிற்றா என்று தலையை எண்ணுவதோடு இங்கே சோதனை முடிந்துவிடுகிறது. அளவு பார்க்க ஆளில்லை.

ஒரே இடத்தில் மட்டும் ஜாக்கெட்டே எமனாகலாம்: இரண்டடுக்குப் படகில் கண்ணாடி அடைத்த கீழ்த்தளம். படகு கவிழ்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தால், ஜாக்கெட் ஆளைத் தூக்கிக் கூரையோடு அழுத்தி வைக்கும். முங்கி வாசலுக்கு வர முடியாது. அதற்காகக் கழற்றி வைக்காதீர்கள், திறந்த தளத்தில் உட்காருங்கள். அங்கும் வேடிக்கை பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாயக் கூடாது. 2009-இல் தேக்கடியில் 45 பேரைப் பலிகொண்ட ஜலகன்யகா இரண்டடுக்குப் படகுதான்.

கோவாவில் கடலைவிடக் கரையில் நிற்கும் புரோக்கருக்கு பயப்படுங்கள். 'ஐந்து விளையாட்டு ஒரே பேக்கேஜ்' என்று பணத்தை வாங்கிக்கொண்டு யாரோ ஒருவருடைய படகில் ஏற்றிவிடுவார். ஏதாவது ஆனால் இருவரும் கை விரிப்பார்கள். படகுக்காரர் பெயரும் உரிம எண்ணும் உள்ள ரசீது இல்லாமல் காசு தராதீர்கள். தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் கோவாவில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவர் அங்கே பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

அளவான ஜாக்கெட்டும், இழுக்கும் படகில் ஓட்டுநர் போகப் பின்னால் பார்த்துக்கொண்டே வர இன்னொருவரும் இருந்தால் ஏற்றலாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். சவாரி முடிவில் எல்லாரையும் தண்ணீரில் கவிழ்ப்பதை வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள். கவிழ்க்கக் கூடாது என்று ஏறும் முன்பே ஓட்டுநரிடம், புரோக்கரிடம் அல்ல, சொல்லுங்கள். சைகையையும் பேசி வையுங்கள்: கட்டைவிரல் கீழே என்றால் வேகம் குறை, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் நிறுத்து. கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, கைப்பிடியை மட்டும் பிடிக்கட்டும். விழுந்தால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே மிதக்கட்டும், படகு அவனைத் தேடி வரும். என்ஜின் சத்தம் நின்ற பிறகே ஏற வேண்டும். "நியூட்ரல்ல இருக்கு, வா" என்றால் கேட்காதீர்கள், லீவரில் கை பட்டாலே தண்ணீருக்குள் இருக்கும் விசிறி (புரொப்பெல்லர்) சுழன்றுவிடும்.