ஜகார்த்தா தலையாட்டுகிறது, மியூனிக் மறுக்கிறது: மேலாளர் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனம் ஜகார்த்தாவிலும் மியூனிக்கிலும் கிளை திறந்திருக்கிறது. ஜகார்த்தா குழு எதைக் கேட்டாலும் "முடித்துவிடலாம்" என்கிறது. கெடு தாண்டிய பிறகுதான் வேலை பாதியில் நிற்பது தெரிகிறது. மியூனிக் குழுவோ எல்லார் முன்னாலும் "இந்தத் திட்டம் சரிவராது" என்று சொல்லிவிடுகிறது. கணினித் திரையைக் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவச் சொன்னோம். அதற்கும் முடியாது என்கிறார்கள். எல்லாக் கிளைக்கும் மார்ச்சில் ஒரே போனஸ் என்று அறிவித்ததில் ஜகார்த்தாவில் முணுமுணுப்பு. பண்பாட்டுப் பயிற்சி வைத்தால் சரியாகுமா?
– மனிதவள மேலாளர் ஒருவர்

பதில்: நீங்கள் சொல்லும் நாலு பிரச்சினைகளில் இரண்டு, சட்டம் சம்பந்தப்பட்டவை. அவற்றை எந்தப் பயிற்சியாலும் தீர்க்க முடியாது. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

ஜெர்மனியில் வாக்குரிமையுள்ள நிரந்தர ஊழியர்கள் 5 பேர் இருந்தாலே 'பெட்ரீப்ஸ்ராட்' எனப்படும் ஊழியர் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மன்றம் இருக்கும் இடத்தில், ஊழியரைக் கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பத்தையும் அதன் ஒப்புதல் இல்லாமல் கொண்டுவர முடியாது. மன்றம் இல்லாவிட்டாலும் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதியும் மென்பொருளைத் திட்டவட்டமான சந்தேகம் எதுவும் இல்லாமல் பயன்படுத்தியது தவறு என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. வால்மார்ட்டும் தன் நடத்தை விதிகளை அங்கே அப்படியே இறக்கிப் பார்த்தது. சக ஊழியர்களுக்குள் காதல் கூடாது என்பதும் அதில் ஒன்று. 2005இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டே நிறுவனம் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது (அதற்கு வேறு காரணங்களும் நிறைய இருந்தன). அதனால் மியூனிக் குழுவைப் பிடிவாதக்காரர்கள் என்று முடிவுகட்டும் முன் ஒரு ஜெர்மன் தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைக் கேளுங்கள்.

போனஸ் விஷயமும் இப்படித்தான். இந்தோனேசியாவில் பண்டிகைக்காலத் தொகை கொடுப்பது சட்டக் கட்டாயம். ஓராண்டு பணி முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம், அதற்குக் குறைந்தவருக்கு விகிதப்படி. பண்டிகைக்கு 7 நாள் முன்னதாகவே கையில் சேர வேண்டும். தாமதித்தால் 5 சதவீதம் அபராதம். பெரும்பாலோருக்கு அது ரம்ஜான் பெருநாள். அந்த நாளோ ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். உங்கள் மார்ச் போனஸ் அதற்கு மாற்றாகாது. தனிக் கணக்காக வையுங்கள், முணுமுணுப்பில் பாதி அடங்கிவிடும்.

சரி, மிச்சம் இருப்பது தலையாட்டலும் மறுப்பும். இங்கே பண்பாடு வருகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் பக்கத்திலிருந்து மட்டும் அல்ல. கெடு தவறும் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவருக்கு உங்கள் கூட்டத்தில் கடைசியாக என்ன நடந்தது? பத்துப் பேர் முன்னால் குறுக்கு விசாரணை என்றால், தலையாட்டக் கற்றுக்கொடுத்தது தலைமையகம்தான். மேலதிகாரியை எல்லார் முன்னாலும் மறுப்பதை மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் இன்னும் சீக்கிரம் ஏறும்.

கேட்கும் விதத்தை மாற்றுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டால் வரக்கூடிய பதில் ஒன்றுதான். "வெள்ளிக்கிழமை முடிக்க இன்னும் என்னென்ன பாக்கி? அதில் எது நம் கையில் இல்லை?" என்று கேளுங்கள். அதையும் கூட்டத்தில் கேட்காமல், முந்தின நாள் குழுத் தலைவரிடம் தனியாகக் கேளுங்கள். "வாடிக்கையாளர் சோதனைத் தரவு இன்னும் அனுப்பவில்லை" என்பது அப்போதுதான் வெளியே வரும். அடுத்து நீங்கள் செய்வதைத்தான் மொத்தக் குழுவும் கவனிக்கும். அன்றே அந்த வாடிக்கையாளரை அழைத்துத் தரவை வாங்கிக் கொடுத்தால், அடுத்த கெட்ட செய்தி ஒரு வாரம் முன்னதாகவே வரும். "இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கடிந்தால் பழைய கதைதான்.

மியூனிக்காரர்கள் மறுப்பது பெரும்பாலும் திட்டத்தை. அதை முன்வைத்த ஆளை அல்ல. உங்கள் மேலாளருக்குச் சுருக்கென்றிருக்கலாம், ஆனாலும் கெட்ட செய்தி இலவசமாக வருகிறதே! திட்டத்தைக் காரணங்களோடு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். ஆட்சேபம் உள்ளவர் மாற்று வழியையும் எழுதித் தரட்டும். யார், எப்போது முடிவெடுப்பார் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விவாதம் மாதக்கணக்கில் ஓடும்.

இரண்டு குழுவையும் ஒரே அழைப்பில் உட்கார வைத்து முதல் கருத்தைக் கேட்காதீர்கள். மியூனிக் பேசும், ஜகார்த்தா கேட்டுக்கொண்டிருக்கும், நீங்கள் அந்த மௌனத்தைச் சம்மதம் என்று குறித்துக்கொள்வீர்கள். கருத்தை எழுத்தில் முன்னதாகவே இருவரிடமும் வாங்கிவிட்டால், கூட்டத்தை முடிவெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பயிற்சி. இத்தகைய வகுப்புகளில் நாடுகளுக்கு மதிப்பெண் போட்ட பட்டியல் ஒன்று பெரும்பாலும் வரும். அதற்கு அடிப்படை, 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்து ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் செய்த ஆய்வு. அது நாட்டுச் சராசரி; ஒரு தனி மனிதரை அதை வைத்து எடைபோட முடியாது. அரை நாள் வகுப்பு கெடுதல் செய்யாது, அதற்கு மேல் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் தலைமையகத்திலிருந்து ஒருவரை இரண்டு வாரம் ஜகார்த்தாவுக்கு அனுப்பலாம். மனிதவளத் துறையிலிருந்து வேண்டாம். அந்தக் குழுவுக்குக் கெடு நிர்ணயிக்கும் திட்ட மேலாளரே போகட்டும்.