வெள்ளவத்தை வீடு: முதலில் கேற்றையும் மதிலையும் பாருங்கள்

அக்கா, கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் விற்க இருக்கும் வீடு, பார்க்க வருகிறவர்கள் கேற்றடியிலேயே முகம் சுழிக்கிறார்கள், முழு வீட்டுக்கும் பெயின்ற் அடிக்கக் காசு காணாது, முன்சுவரிலும் வெடிப்பு, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். முழு வீட்டை இப்போதைக்கு விடுங்கள். ஒழுங்கையில் நின்று பார்ப்பவருக்குக் கேற்றும் மதிலும் முன்சுவரும்தான் தெரியும்.

கேற்றில்தான் கூடக் கவனம் வேண்டும். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. துருவுக்கு மேலேயே எனாமல் பூசினால் கொப்பளித்து உரிந்துவிடும். வயர் பிரஷ்ஷால் நன்றாக உரசி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காய்ந்தவுடன் தாமதிக்காமல் துருத்தடுப்பு பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பிணைச்சலடியையும் கேற்றின் அடிச்சட்டத்தையும் பக்கத்தில் நின்று பாருங்கள், பெயின்ற் அடிக்கும் பாஸ்மார் அவசரத்தில் விட்டுவிடும் இடங்கள் அவை.

மதிலில் கறுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பாசியும் பூஞ்சணமும். பிளீச் கலந்த தண்ணீரில் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது. ஈரச் சுவரில் பெயின்ற் நிற்காது. ஜனவரி முதல் மார்ச் வரையான வெயில்தான் தோது.

கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகினால் முதலில் அதைத் திருத்துங்கள். உள்ளே கசிவு இருந்தால் பெயின்றால் மறைக்க வேண்டாம், வாங்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், முன்சுவர் வெடிப்பு என்றீர்களே, மயிரிழை போலவா, விரல்நுனி நுழையுமா? விரல் நுழைந்தால் பூச முன் ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.